48 பேர், 2 பந்து: உடற்கல்வி வகுப்புக்கான கருவிகளைக் கையால் ஆக்குவது

எட்டாம் வகுப்பில் 48 பேர். கையில் இருப்பதோ 2 வாலிபால். இரண்டு வரிசையாக நிறுத்தி ஆளுக்கு 15 விநாடி கொடுத்தால், ஒருமுறை பந்தைத் தொட்டவருக்கு அடுத்த முறை வர 6 நிமிடம் ஆகும். 40 நிமிட பீரியடில் வருகைப் பதிவு, வெளியே அழைத்து வருவது, வார்ம்அப், கைகால் கழுவித் திரும்புவது போக மிஞ்சுவது 28 நிமிடம்தான். ஆக, ஒருவர் பந்தைத் தொடுவது நாலு தடவையோ ஐந்து தடவையோ. மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவனை இடிப்பதிலேயே போய்விடும்.

கருவி வாங்கும்போதும் செய்யும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றே: இது எத்தனை பேரை வரிசையிலிருந்து வெளியே எடுக்கும்? இந்தக் கணக்கில் 1,500 ரூபாய்ப் பந்து ஒன்றைவிடப் புளியங்கொட்டை அடைத்த 24 துணிப்பைகள் மேல். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்தில் பள்ளி மைதானங்களுக்கு இடப் பஞ்சம் அவ்வளவாக இல்லை. ஆனால் செம்மண்ணும் சரளையும் கருவேல முள்ளும் உண்டு. அதனால் முதல் கருவி மைதானம்தான்.

கோடு போடுவது

30 மீட்டர் டேப் ஒன்று, கொத்தனார் நூல் ஒரு கண்டு, ஆறு முளைக்குச்சி. தேங்காய்நார்க் கயிற்றையோ நைலான் கயிற்றையோ அளவுக்குப் பயன்படுத்தாதீர்கள். இழுக்க இழுக்க நீளும். ஒரு பக்கம் 13 மீட்டரும் மறுபக்கம் 13.30-மாக வந்து நிற்கும்.

மூலையைச் சதுரமாக்கக் கொத்தனார் செய்வதையே செய்யுங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீ., மறுபக்கம் 4 மீ. அளந்து குறித்தால், குறிகளுக்கு இடையே சரியாக 5 மீ. இருக்க வேண்டும். நாலு மூலையும் போட்டபின் மூலைவிட்டத்தை அளந்து சரிபாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால்தான் ஆடுகளம் கோணாமல் இருக்கும்.

ஆண்கள் கபடி, 13 × 10 மீ.: மூலைவிட்டம் 16.40 மீ.
பெண்கள் கபடி, 12 × 8 மீ.: 14.42 மீ.
வாலிபால், 18 × 9 மீ.: 20.12 மீ.
கோ-கோ, 27 × 16 மீ.: 31.38 மீ. (30 மீ. டேப் போதாது, நூலைக் கட்டி இரண்டு தடவையாக அளக்க வேண்டும்)

கபடியில் நடுக்கோட்டிலிருந்து பால்க் கோடு (பாடி வருபவர் கட்டாயம் தாண்ட வேண்டியது) ஆண்களுக்கு 3.75 மீ., பெண்களுக்கு 3 மீ. போனஸ் கோடு அதிலிருந்து இன்னும் 1 மீ. இரண்டு பக்கமும் உள்ள 1 மீ. லாபி (ஓரப் பட்டை) மொத்த அகலத்துக்குள் அடங்கியது. அதை வெளியே கூடுதலாகச் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. களம் 12 மீ. அகலமாகிவிடும், பிடிப்பவர்களுக்கு எட்டாது.

கோட்டுக்கு எந்தப் பொடி என்பதில் கண்டிப்பு வேண்டும். சுண்ணாம்புக்காரை வீடுகள் நிறைந்த ஊர்ப்பக்கம் என்பதால் சுட்ட சுண்ணாம்பு எளிதில் கைக்கு வரும். அது வேண்டாம். ஈரம் பட்டால் சூடேறும், நீற்றிய பிறகும் காரம் போகாது. வியர்த்த தோலை அரிக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே கேடு. கல்லை அரைத்த வெள்ளைக் கோலமாவு போதும். அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்ட பழைய பால்பவுடர் டப்பாவில் நிரப்பி, நூல் ஓரமாகத் தட்டிக்கொண்டே நடந்தால் 5 செ.மீ. அகலக் கோடு விழும். ஒவ்வொரு மூலையிலும் தரைமட்டத்துக்கு 3 செ.மீ. கீழே ஒரு செங்கல்லைப் புதைத்து வைத்தால், மழைக்காலம் முடிந்து மறுபடி கோடு போட டேப்பே வேண்டாம். இரும்பு முளையை மட்டும் மண்ணில் விட்டுவிடாதீர்கள். மண் கரைந்ததும் அது தலைகாட்டும். வெறுங்கால் அதன்மேல்தான் விழும்.

200 மீ. ஓடுபாதைக்கு நேர்ப்பகுதி 40 மீ. என்று வைத்தால், இரண்டு நேர்ப்பகுதி போக வளைவுகளுக்கு 120 மீ. அதை 2π-ஆல் (2 × 3.1416) வகுத்தால் ஓடும் கோட்டின் ஆரம் 19.10 மீ. கோலமாவுக் கோடுதான் உள்விளிம்பு என்றால் அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும்; ஆகவே உள்கோட்டை 18.90 மீ. ஆரத்தில் வரையுங்கள். 1.22 மீ. அகலத்தில் நாலு பாதை போட்டால் மொத்த இடம் ஏறக்குறைய 88 × 48 மீ. ஒரு முழுச்சுற்று ஓட்டத்துக்கு ஒவ்வொரு பாதையும் அதற்கு உள்ளே இருப்பதைவிட 7.67 மீ. முன்னால் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டு எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் நாலாவது பாதைக்காரர் 23 மீட்டர் கூடுதலாக ஓடுவார். தோற்றவன் சண்டைக்கு வந்தால் நியாயம் அவன் பக்கம்தான்.

மண்

செம்மண் காய்ந்தால் இறுகும். மேலே சரளை உருளும். கபடிக்கு இது ஆகாது, விழுந்தால் முழங்கால் தோல் உரியும். களத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, 5 மி.மீ. சல்லடையில் சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் கலந்து பரப்புங்கள். ஆடுவதற்கு முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்தால் போதும். காலையில் தெளித்தால் மேல்மண் வழுக்கும், அடிமண் காய்ந்தே கிடக்கும். நடுக்கோட்டைக் கொஞ்சம் உயர்த்தி இரு பக்கமும் 10 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு கொடுத்தால் ஐப்பசி மழை தேங்காது. தண்ணீரை ஊரணி இருக்கும் பக்கமாகத் திருப்பிவிட்டால் அதுவும் வீணாகாது.

நீளம் தாண்டும் குழிக்கு 2.75 மீ. அகலம், 7 மீ. நீளம், 30 செ.மீ. ஆழம் என்றால் ஏறக்குறைய 5.8 கனமீட்டர், அதாவது லாரிக்காரர் கணக்கில் இரண்டு யூனிட் மணல். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) மலிவு என்று கொட்டிவிடாதீர்கள். அதன் துகள் கூர்முனை உள்ளது, தூசியும் அதிகம்; இரண்டே மழையில் தரைபோல இறுகிவிடும். தாண்டுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் மண்வெட்டியால் புரட்ட வேண்டும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் நாயும் பூனையும் குழியைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை ஒரு வகுப்பை வரிசையாகத் தோளோடு தோள் நிறுத்தி, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முள் பொறுக்கிக்கொண்டே நடக்க விடுங்கள். சீமைக்கருவேல முள் காலைக் குத்துவதோடு பந்தின் பிளாடரையும் குத்தும். வேலியோரம் வெட்டிய கிளையை அங்கேயே போட்டுவைப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

கையால் செய்பவை

*துணிப்பை.* 15 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு கெட்டித்துணி. மூன்று பக்கம் இரட்டைத் தையல் போட்டு, 150 கிராம் புளியங்கொட்டை நிரப்பி நாலாவது பக்கத்தை மூடுங்கள். பை முக்கால்வாசிதான் நிறைய வேண்டும். திணித்தால் உருளும், கையில் அடங்காது. கொட்டையைச் சட்டியில் வறுத்து ஆறவைத்தே அடையுங்கள். வறுக்காததில் வண்டு விழுந்து இரண்டு மாதத்தில் மாவாகும். பழைய சீருடைத் துணியும் ஊர்த் தையற்காரரும் இருந்தால் 24 பை ஒரு நாள் வேலை.

*ஸ்கிப்பிங் கயிறு.* 8 மி.மீ. நைலான் கயிறு. நடுவில் மிதித்து நின்றால் இரண்டு முனையும் அக்குள் வரை வர வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு 2.40 முதல் 2.50 மீ. பிடிக்கும். அரை இஞ்ச் பி.வி.சி. குழாயை 12 செ.மீ. துண்டாக்கி, வெட்டுவாயைத் தேய்த்து, கயிற்றை உள்ளே விட்டு முடிச்சுப் போடுங்கள். எல்லாக் கயிற்றையும் ஒரே நீளத்தில் வெட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. மூன்று நீளத்தில் செய்து, கைப்பிடியில் மூன்று நிற இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் பிள்ளைகளே தங்களுக்கு உரியதை எடுத்துக்கொள்வார்கள்.

*கூம்புக்குப் பதில்.* ஒரு லிட்டர் தண்ணீர்பாட்டிலில் கால்வாசி மணல். காற்றுக்கு விழாது, மோதினால் அடிபடாது. திரும்பும் இடத்தில் பாட்டிலைவிடப் பழைய லாரி டியூபில் 15 செ.மீ. வட்டமாக வெட்டிய அடையாளம் நல்லது. கொட்டாங்குச்சியைப் பலர் வைக்கிறார்கள். உடைந்த விளிம்பு பாதத்தைக் கிழிக்கும், ஓடும் தடத்தில் வேண்டவே வேண்டாம்.

*குறிபார்த்து எறிய.* பனையோலைக் கொட்டான். சடங்குக்கு முடையும் நுணுக்கமான கொட்டானைக் கேட்காதீர்கள், அதை எறிபட விடுவது பாவம். சாமான் போட முடையும் பெரிய, முரட்டுப் பெட்டி போதும். மூன்றை 3, 5, 7 மீட்டரில் வைத்து 1, 2, 3 புள்ளி.

*தடை.* இரண்டு பாட்டிலின் மேல் மெல்லிய மூங்கில் குச்சியைச் சும்மா வைக்க வேண்டும். கட்டக்கூடாது. கால் பட்டதும் விழுந்தால்தான் அது தடை, கட்டினால் பொறி.

குண்டு எறிதல் வட்டத்தின் விட்டம் 2.135 மீ.; நடுவில் முளையடித்து 106.75 செ.மீ. நூலால் சுற்றுங்கள். எறியும் பகுதியின் கோணம் 34.92 பாகை என்பதால் கோணமானி தேவையில்லை: நடுப்புள்ளியிலிருந்து 10 மீ. தொலைவில் இரு கோட்டுக்கும் இடையே 6 மீ. இருந்தால் கோணம் சரி. கற்றுத் தரும்போது இரும்புக்குண்டுக்கு முன், இரட்டைத் துணியில் 1 கிலோ மணல் கட்டிய பந்து. எல்லாரும் எறிந்து முடித்து, விசில் ஊதிய பிறகுதான் எடுக்கப் போக வேண்டும். ஒருவன் எடுத்துக்கொண்டிருக்கையில் இன்னொருவன் எறிவதில்தான் மண்டை உடைகிறது.

பணி அட்டையும் சுற்றும்

இவ்வளவும் இருந்தாலும் ஆசிரியர் ஒருவர்தான். அவர் குரலுக்குப் பதிலாக நிற்பது அட்டை. ஏ4 தாள், ஒரு அட்டைக்கு ஒரு திறன், ஒரு கோட்டுப்படம், மூன்று வரி. எழுத்து 2 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் சுற்றி நிற்கும் 8 பேருக்கும் தெரியும். லேமினேட் செய்து பாட்டிலில் சாய்த்து வைக்கலாம்.

48 பேரை 8 பேர் கொண்ட ஆறு குழுவாக்குங்கள். ஒரு நிலையத்தில் மூன்றரை நிமிடம், மாற அரை நிமிடம். ஆறுக்கும் 24 நிமிடம். வாலிபால் அண்டர்ஹேண்ட் பாஸுக்கு (சேர்த்து நீட்டிய முன்கைகளால் பந்தைக் கீழிருந்து எழுப்புவது) இப்படி அமைக்கலாம்:

1. சுவர். 2.24 மீ. உயரத்தில் (பெண்கள் வலையின் உயரம்) கோடு. அதற்கு மேலே படும்படி பந்தை அடிப்பது. உண்மையான பந்து ஒன்று இங்கே.
2. துணிப்பை. இணையர் 3 மீட்டரிலிருந்து வீச, சேர்த்து நீட்டிய முன்கைகளின் மேல் வாங்குவது. கைகள் ஒரே மட்டத்தில் இருந்தால் பை நிற்கும், இல்லையென்றால் வழுக்கி விழும். ஆசிரியர் சொல்லாமலே தப்பு தெரிந்துவிடும். ஆறில் இதுவே சிறந்த நிலையம்.
3. இரண்டு மரத்துக்கு இடையே 2 மீ. உயரத்தில் கயிறு. 5 மீட்டரிலிருந்து துணிப்பந்தால் கீழ்க்கை சர்வ்.
4. 4 × 10 மீ. ஷட்டில் ஓட்டம்.
5. ஸ்கிப்பிங்.
6. கவனிப்பு. நாலு பேர் இரண்டாவது பந்தால் ஆட, நாலு பேர் அட்டையில் குறிப்பது.

கவனிப்பு அட்டையில் கேள்வி மூன்றுதான்: முழங்கால் மடிந்ததா? முழங்கை நேராக இருந்ததா? பந்து மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் பட்டதா? ஆம், இல்லை என்று கேட்டால் நண்பனுக்கு எல்லாமே ஆம் விழும். 'ஐந்து முயற்சியில் எத்தனை முறை?' என்று எண்ணிக்கை கேளுங்கள். எண்ணும்போது பிள்ளைகள் நேர்மையாகிவிடுகிறார்கள். ஏழெட்டுக் கேள்வி போட்டால் யாரும் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

முதல் வாரம் சுற்று சொதப்பும், குழுக்கள் இரு திசையிலும் ஓடும். புதுத் திறன் எதையும் வைக்காமல், தெரிந்த பயிற்சிகளையே ஆறு நிலையத்திலும் போட்டு மாறுவதை மட்டும் பழக்குங்கள். பி.பி.எட். (உடற்கல்விப் பட்டப்படிப்பு) மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் நாட்களில், அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் இங்கே அதற்கு வாய்ப்பு உண்டு, இரண்டு நிலையத்துக்கு ஒருவரை நிறுத்தலாம்.

வெயில், பந்து, பதிவேடு

பங்குனி, சித்திரையில் 600 மீ. ஓட்டச் சோதனையைப் (200 மீ. பாதையில் மூன்று சுற்று) பிற்பகல் பீரியடில் வைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் பேசி காலை முதல் பீரியடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மண்பானைத் தண்ணீரை மைதானத்துக்கே கொண்டுவந்து நிழலில் வையுங்கள். குழாய் வரை போய்வர விட்டால் பாதி வகுப்பு அங்கேயே தங்கிவிடும். தலை சுற்றுகிறது என்பவருக்குப் பேச்சுக் குழறி, உடல் கொதித்தால், வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சோர்வு என்று உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஈரத்துணி, தண்ணீர், விசிறலால் உடலைக் குளிர்வித்தபடியே 108-ஐ அழையுங்கள்.

வாலிபாலின் எடை 260 முதல் 280 கிராம், காற்றழுத்தம் ச.செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ. அளவி இல்லையென்றால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், சற்றே அமுங்க வேண்டும். கல்லாக இருக்கும் பந்தில் அண்டர்ஹேண்ட் பழகும் பிள்ளைக்குக் கை சிவந்து, அடுத்த வாரம் வயிற்றுவலி வரும். ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராகச் செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். காற்றடித்த பந்தை வெயிலில் விட்டால் உள்ளே அழுத்தம் ஏறித் தையல் பிரியும்.

இருப்புப் பதிவேட்டில் கையால் செய்தவற்றுக்குத் தனிப் பக்கம் போடுங்கள்: செய்த தேதி, எண்ணிக்கை, சேதம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சாக்கு, சாக்கின்மேல் உள்ளே இருக்க வேண்டியவற்றின் பட்டியல்: துணிப்பை 4, கயிறு 8, அடையாளம் 6, அட்டை 1. பீரியட் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது குழுத்தலைவர் எண்ணிக் கட்ட வேண்டும். மணி அடித்தபின் எண்ணத் தொடங்கினால் கயிறு ஒன்று எப்போதும் குறையும்.