‘கரடுமுரடான’ என்பதற்கு மாற்றுச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாதையும் கரடுமுரடானது, பேச்சும் கரடுமுரடானது, மொழிபெயர்ப்பும் கரடுமுரடானது என்று ஒரே கட்டுரையில் எழுத நேரும்போது, சொல்லை மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்போது அகராதியைத் திறந்து கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்து வைத்தால் பெரும்பாலும் பொருள் பிசகிவிடும். முரட்டு, கடுமையான, சொரசொரப்பான, கொடூரமான, செப்பமற்ற ஆகியவை ஒரே வரிசையில் தரப்பட்டிருந்தாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைத்துவிட முடியாது. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடை வரப்போகிறது, அந்தப் பொருளின் கரடுமுரடு கைக்குப் படுகிறதா, காதுக்குப் படுகிறதா, மனத்துக்குப் படுகிறதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கரடு என்பது கல்லும் பாறையுமாக மேடிட்ட நிலத்தையும், முரடு என்பது மரத்தின் கணுப் போன்ற வழவழப்பில்லாத தன்மையையும் குறிப்பவை. இரண்டும் சேர்ந்து இணைமொழியாகி அழுத்தம் பெற்றுள்ளன. எனவே பாதை, பாறை, மலைச்சரிவு போன்றவற்றுக்கு இச்சொல்லை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. சுவர், உப்புத்தாள், உழைத்துக் காய்த்த உள்ளங்கை ஆகியவற்றுக்குச் ‘சொரசொரப்பான’ என்பதே பொருந்தும். காலுக்குத் தட்டுப்படுவது கரடுமுரடு, விரலுக்குத் தட்டுப்படுவது சொரசொரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். துணியைப் பற்றி எழுதும்போது ‘சொரசொரப்பான துணி’ என்றால் மேற்பரப்பை மட்டும் சொல்கிறோம். ‘முரட்டுத் துணி’ என்றால் அதன் தடித்த இழையையும் எளிதில் கிழியாத உறுதியையும் சேர்த்தே சொல்கிறோம். நைசாக அரைபடாத பொடி கொரகொரப்பானது, தெளிவில்லாத குரல் கரகரப்பானது. ‘கர்ணகடூரமான’ என்பதில் கர்ணம் என்பது காதைக் குறிப்பதால் அது ஓசைக்கு மட்டுமே உரியது; ‘கர்ணகடூரமான காட்சி’ என்று சிலர் எழுதுவது ஒலிநயத்தில் மயங்கிச் செய்யும் பிழை.

மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. ‘ஆசிரியர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒவ்வொரு பெயரடையாக வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். கண்டிப்பான ஆசிரியர் என்றால் ஒழுங்கை வலியுறுத்துபவர். அவரிடம் அன்பும் இருக்கலாம். கறாரான ஆசிரியர் விதியை யாருக்காகவும் தளர்த்தாதவர், ஆனால் கோபப்படுபவர் என்று பொருளில்லை. கடுமையான ஆசிரியர் என்னும்போது மாணவர் படும் சிரமம் உள்ளே வந்துவிடுகிறது. முரட்டு ஆசிரியர் என்றால் நயமாக நடந்துகொள்ளத் தெரியாதவர் என்றுதான் கொள்ள வேண்டும். அது அவருடைய சுபாவம், தீய நோக்கம் அல்ல. மூர்க்கமான ஆசிரியர் ஆத்திரத்தில் நிதானம் இழப்பவர். கொடூரமான ஆசிரியரோ பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாதவர். கண்டிப்பு எங்கே முடிகிறது, கொடூரம் எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிக்காமல் பெயரடையை எழுதினால், ஒருவரைப் பற்றி நாம் நினைத்ததைவிடப் பெரிய குற்றச்சாட்டைச் சுமத்திவிடுவோம்.

இதனிடையே, ‘முரட்டு’ என்பது இன்றைய பேச்சுவழக்கில் வெறும் மிகுதியைக் காட்டும் சொல்லாகவும் மாறியிருக்கிறது. ‘முரட்டு ரசிகர்’, ‘முரட்டு சிங்கிள்’ ஆகியவற்றில் வன்மை எதுவும் இல்லை. கேலியும் உற்சாகமும் கலந்த எழுத்தில் இது சுவையாகவே இருக்கிறது. அலுவல் கடிதத்திலும் ஆய்வுரையிலும் ‘தீவிர ரசிகர்’ என்று எழுதுவதே பொருத்தம்.

பேச்சைக் குறிக்கும்போது பழைய சொற்களே நன்கு உதவுகின்றன. திருக்குறளில் 99-ஆம் குறள் இன்சொல்லுக்கு எதிராக வன்சொல்லை நிறுத்துகிறது. 566-ஆம் குறள் கடுஞ்சொல் பேசும் ஆட்சியாளனைச் சொல்கிறது. இரண்டும் இன்றும் வழக்கில் உள்ளவை. விமர்சனத்துக்குக் ‘காட்டமான’ என்பதும், இரு தரப்பும் சளைக்காமல் மோதும் விவாதத்துக்குக் ‘காரசாரமான’ என்பதும் ஏற்றவை. கடினத்தையும் கடுமையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது: கடினமான கேள்வி என்றால் விடை சொல்லத் திணறுவோம், கடுமையான கேள்வி என்றால் விடை தெரிந்திருந்தாலும் மனம் புண்படும்.

கைத்திறன் குறைந்த வேலையைச் சுட்டுவதற்கும் ‘கரடுமுரடான’ என்றே எழுதிவிடுவது உண்டு. அங்கே குறை எது என்று சொல்வது நல்லது. ‘அவருடைய கரடுமுரடான மொழிபெயர்ப்பு வாசகரைச் சோர்வடையச் செய்தது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டால், பிழை திருத்தப்படாததுதான் குறை என்றால் ‘செப்பமற்ற’ என்றும், வாக்கியங்கள் தடையின்றிச் செல்லவில்லை என்றால் ‘ஓட்டமில்லாத’ என்றும், நுட்பங்கள் விடுபட்டுப் பொதுக்கருத்து மட்டும் மிஞ்சியது என்றால் ‘மேலோட்டமான’ என்றும், பாதியிலேயே விடப்பட்டது என்றால் ‘அரைகுறையான’ என்றும் எழுதலாம். வடிவம் கெட்டது கோணல்மாணல், வரிசை கெட்டது தாறுமாறு. உடலசைவில் லாவகமற்ற என்பது கைப்பழக்கம் போதாமையையும், நளினமற்ற என்பது அழகின்மையையும் காட்டும். மூலமே வேண்டுமென்று மெருகில்லாமல் எழுதப்பட்டிருந்தால், ‘கரடுமுரடான நடை’ என்பது பழிப்பாகாது, பாராட்டாகவும் அமையலாம்.

சொல்லைத் தேர்ந்தபின் சந்தியையும் சரிபார்க்க வேண்டும். முரடு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் (ஈற்றுக்கு முன் உயிர்மெய்யெழுத்து நிற்க, குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்) ஆதலால், பெயருக்கு அடையாகும்போது டகர ஒற்று இரட்டித்து ‘முரட்டு’ என்றாகும்; அதன்பின் வல்லினம் மிகும். முரட்டுக்குணம், முரட்டுப்பிடிவாதம், முரட்டுத்தனம் என்பவை சரியான வடிவங்கள். ‘ஆன’ என்று முடியும் பெயரடைக்குப்பின் வல்லினம் மிகாது; ‘கடுமையானக் கண்டனம்’ என்பது பிழை, ‘கடுமையான கண்டனம்’ என்பதே சரி. கடுமை என்பதன் ஈறு கெட்டுச் சேரும்போது, வரும் வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்துத் தோன்றும்: கடுங்குளிர், கடுஞ்சினம், கடுந்தவம், கடும்போட்டி. செய்தித் தலைப்புகளில் ‘கடும் குளிர்’ என்று பிரித்து எழுதுவது பெருகிவிட்டாலும், சேர்த்து எழுதும் வடிவமே இலக்கண முறைப்படி அமைந்தது.