பாரம்பரியச் சின்னத்தின் நிலை அறிக்கை: அளந்த பிறகு எழுதுங்கள்

யுனெஸ்கோவுக்குப் போகும் நிலை அறிக்கையை முதன்முறையாக எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வரலாற்றில்தான் தொடங்குகிறார்கள். கட்டிய மன்னன், ஆட்சியாண்டு, விமானத்தின் உயரம் என்று இரண்டு பக்கம் ஓடிவிடுகிறது. அதையெல்லாம் சின்னத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்போதே சொல்லியாயிற்று. இப்போது கேட்பது ஒன்றுதான்: அன்று இருந்தது இன்று எப்படி இருக்கிறது? பழைய கட்டடங்களின் விரிசலையும் கசிவையும் அளப்பதே என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்த அறிக்கை என்று பாருங்கள். 1972ஆம் ஆண்டு உலகப் பாரம்பரிய உடன்படிக்கையின் 29ஆம் பிரிவின்படி, ஆறு ஆண்டுக்கு ஒரு சுற்றாக அதில் சேர்ந்த எல்லா நாடுகளும் இணையவழி வினாத்தாளை நிரப்ப வேண்டும். நாட்டுக்கு ஒரு பகுதி, ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பகுதி. மற்றொன்று, குறிப்பிட்ட ஒரு சின்னத்தைப் பற்றிக் கவலை எழுந்து, 21 நாடுகள் கொண்ட உலகப் பாரம்பரியக் குழு கேட்டு வாங்குவது. அதற்கு டிசம்பர் 1 கெடு. ஆபத்தில் இருப்பதாகக் குழு தனியே பட்டியலிட்ட சின்னமென்றால் (‘ஆபத்துப் பட்டியல்’) பிப்ரவரி 1. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் அனுப்ப வேண்டும் என்பதால் மொழிபெயர்க்கவும் நாள் ஒதுக்குங்கள்.

அடுத்து, அந்தச் சின்னம் ஏன் பட்டியலில் சேர்ந்தது என்று விளக்கும் மதிப்பு அறிக்கையை எடுத்து, கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சோழர் கோயில்களை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல். தஞ்சைக்கு நான் பட்டியல் போட்டால் உட்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்கள், மேல்தளத்தில் செதுக்கிய 81 கரணங்கள் (நடன நிலைகள்), கல்வெட்டுகள் என்று தனித்தனியாக வரும். ‘கோயில் நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரியை எதைக் கொண்டும் சரிபார்க்க முடியாது. ‘மேற்குச் சுவர் ஓவியத்தில் உப்புப் பூத்த இடம் உள்ளங்கை அளவிலிருந்து இரண்டு உள்ளங்கை அளவாகியுள்ளது’ என்றால் முடியும்.

பட்டியலின் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு வேண்டும். தாராசுரத்தில் கோயிலின் தரை சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் மழைநீர் தேங்கும். அங்கே நான் எழுதச் சொல்வது: எந்த நாள், எவ்வளவு மழை, தண்ணீர் எந்தக் கல்வரிசை வரை ஏறியது, வடிய எத்தனை மணி நேரம் ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் இதைக் குறிக்க ஒரு நோட்டும் ஓர் ஆளும் போதும்.

விரிசலுக்கு இன்றும் எனக்குப் பிடித்தது கண்ணாடிச் சில்லுதான். செதுக்கு வேலை இல்லாத வெறும் சுவரில், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒருமுறை மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது, வரிசையாக வைத்த ஐந்தில் நடுவில் இருந்த ஒன்று மட்டும் முடிபோல் கீறியிருந்தது. அதன் நேர்கீழே வடிகால் அடைபட்டிருந்ததைக் கண்டோம். வெறும் கண்ணுக்கு அந்தச் சுவரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. புகைப்படமும் அப்படித்தான்: நிற்கும் இடம், உயரம், நேரம் மூன்றும் மாறக் கூடாது. படத்துக்குள் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும்.

வினாத்தாளில் பாதிப்புக் காரணிகள் நீளமாக வரும்: கட்டுமானம், போக்குவரத்து, சுற்றுலா, பருவநிலை, இப்படி. ஒவ்வொன்றும் நல்லதா கெட்டதா, இப்போதே இருக்கிறதா வரப்போகிறதா, எல்லைக்குள்ளிருந்து எழுவதா வெளியிலிருந்தா என்று கேட்பார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து இதை நிரப்பாதீர்கள். காவலாளி, குருக்கள், வழிகாட்டி, வாசலில் பூ விற்பவர் எல்லோரையும் கேளுங்கள். எந்த மூலையில் எப்போது ஒழுகுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

மிக முக்கியமானது, வரப்போகும் கட்டுமானம். அந்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவதற்கான செயல்பாட்டு வழிகாட்டியின் 172ஆம் பத்தி, முடிவெடுக்கும் முன்பே தெரிவிக்கச் சொல்கிறது. ஹம்பி அருகே பாலம் கட்டும் வேலைகளால் அந்தச் சின்னம் 1999இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது, 2006இல்தான் மீண்டது. ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு, ஆற்றின் மேல் பாலம் கட்டியதால் 2009இல் பட்டியலிலிருந்தே நீங்கியது. இந்தியாவில் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அந்த எல்லைக்குள் வந்த விண்ணப்பங்களை நிலப்படத்தில் புள்ளியாக வைத்து அறிக்கையோடு இணைத்துவிடுங்கள். மறைத்து வைத்தாலும் பயனில்லை. வெளியார் எழுதும் புகாரையும் உடன்படிக்கையின் செயலகம் நாட்டுக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். 174ஆம் பத்தி அதற்குத்தான்.

குழுவின் முடிவுக்குப் பதில் எழுதும்போது அதன் பத்தி எண் வரிசையிலேயே பதில் சொல்லுங்கள். செய்யாததைச் ‘செய்யவில்லை, காரணம் இது, முடிக்கும் மாதம் இது’ என்று எழுதுங்கள். கட்டடங்களுக்கு இக்கோமோஸ், இயற்கைக்கு ஐயுசிஎன் என்று குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்புகளில் இதைப் படித்துப் பார்க்கும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். மழுப்பல் வரியை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அனுப்பியதும் அளவு நோட்டு, படங்கள், எடுத்த இடங்களைக் குறித்த வரைபடம் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, சின்னத்தின் அலுவலகத்திலேயே வையுங்கள். அடுத்த சுற்றில் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். புதிதாக வருபவர் எந்தக் கல்லில் கால் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கட்டும்.