விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி

பத்திரிகையின் முதல் பக்கத்திலோ கடை வாசலிலோ பெரிய எழுத்தில் வரும் எண் அப்பட்டமான பொய்யாக இருப்பது அரிது. 50 சதவீதம் தள்ளுபடி என்றால் கடைக்குள் ஏதோ ஒரு பொருளுக்கு அந்தத் தள்ளுபடி இருக்கத்தான் செய்யும். செய்கூலி இல்லை என்றால் ரசீதில் செய்கூலி என்ற வரி இருக்காது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கடை சதவீதத்தில் பேசுகிறது, பக்கத்துக் கடை கிராமுக்கு இத்தனை ரூபாய் குறைவு என்கிறது, மூன்றாவது கடை வெள்ளிக் காசு இலவசம் என்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. எனவே வாங்குபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான். மளிகையில் அந்த அளவு ஒரு கிராமின் விலை. துணிக்கடையில் கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை. நகையில் தங்கத்தின் மதிப்புக்கு மேல் நாம் கொடுக்கும் தொகை. இதற்குக் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் போதும்.

பாக்கெட்டில் எடையை முதலில் பாருங்கள்

பிஸ்கட், சிப்ஸ், சோப்பு போன்றவற்றில் 5 ரூபாய், 10 ரூபாய் என்ற விலைகளை நிறுவனங்கள் எளிதில் மாற்றுவதில்லை. சில்லறை கொடுத்து வாங்கும் பழக்கம் அந்த விலைகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், மூலப்பொருளின் விலை ஏறும்போது பாக்கெட்டின் விலைக்குப் பதிலாக உள்ளே இருக்கும் எடை குறைகிறது. 10 ரூபாய்க்கு 50 கிராம் இருந்த பாக்கெட்டில் இப்போது 42 கிராம் இருந்தால், ஒரு கிராமின் விலை 20 காசிலிருந்து ஏறத்தாழ 24 காசாகிவிட்டது, அதாவது 19 சதவீதம் உயர்ந்துவிட்டது என்று பொருள். அட்டையின் நிறமும் படமும் அப்படியே இருப்பதால் இந்த உயர்வு கண்ணில் படுவதே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கச் சட்டமே ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான சட்ட முறை எடையளவு விதிகளில் 2021-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அதிகபட்ச சில்லறை விலையோடு ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும்: ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் ஒரு கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேற்பட்டது என்றால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு. பாக்கெட்டின் பின்புறத்தில் அல்லது மடிப்பின் ஓரத்தில், எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும் இடத்தின் பக்கத்தில், சிறிய எழுத்தில் அது இருக்கும். இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது அந்த ஒரே ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். அதே திருத்தம்தான், தேயிலை, பிஸ்கட், எண்ணெய் போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே பொட்டலமிட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டையும் நீக்கியது. ஆகவே பழகிய அளவை நம்பி வாங்கும் காலம் முடிந்துவிட்டது. சமையல் எண்ணெயில் இது நன்றாகத் தெரியும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஆனால் அதே உயரம், அதே அகலம் கொண்ட பாக்கெட்டில் 850 கிராம் அல்லது அதற்கும் குறைவாக இருக்கலாம். கடைக்காரரிடம் "ஒரு பாக்கெட் எண்ணெய்" என்று கேட்காமல் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்பதும் நம்மிடையே ஊறிப்போன எண்ணம். ஷாம்பு அதைப் பொய்யாக்குகிறது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக நின்று பரப்பிய சாஷே (சிறு பாக்கெட்) முறை, பாட்டில் வாங்க இயலாத வீடுகளுக்கும் ஷாம்புவைக் கொண்டுசேர்த்தது. பின்னர் அந்தச் சந்தையில் போட்டி கடுமையானதால் சாஷேயின் விலை மிகவும் இறங்கியது. இன்றும் பல பிராண்டுகளில் ஒரு மில்லி லிட்டருக்குக் கணக்கிட்டால் சாஷேதான் பாட்டிலைவிட மலிவாக இருக்கிறது. பிளாஸ்டிக் குப்பை சேர்வதை எண்ணி ஒருவர் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தால் அது மதிக்கத்தக்க காரணம். காசு மிச்சமாகும் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தால் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

உணவுப் பொருளின் முன்பக்கத்தை விளம்பரமாகவும் பின்பக்கத்தைத் தகவலாகவும் கொள்ளுங்கள். சேர்பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. எனவே குழந்தைகளுக்கான மாவில் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டால், முன்பக்கத்தில் உள்ள பாதாமின் படத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை; ஒரு பிராண்டு மட்டும் அதைப் பெருமையாக அச்சிடுவதால் மற்றவற்றில் இருக்கிறது என்று ஆகிவிடாது. குச்சி ஐஸ், கப் ஐஸ் வாங்கும்போது அட்டையில் ஐஸ்கிரீம் என்று இருக்கிறதா, ப்ரோசன் டெஸர்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும்.

தள்ளுபடியை ஒரே எண்ணாக மாற்றுங்கள்

ஆடியில் திருமணங்கள் நடப்பதில்லை என்பதால் துணிக்கடைகளில் விற்பனை மந்தமாகும். தீபாவளிக்குப் புதுச் சரக்கு வருமுன் பழைய இருப்பைத் தீர்க்க வேண்டிய தேவையும் கடைக்காரர்களுக்கு இருக்கிறது. ஆடித் தள்ளுபடி உண்மையான காரணத்தில் பிறந்தது என்பதால் அதை முழுவதுமாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அறிவிப்பு எழுதப்படும் முறையைத்தான் கவனிக்க வேண்டும். "50% + 20%" என்பது 70 சதவீதம் ஆகாது: 1000 ரூபாய் முதலில் 500 ஆகிறது, அந்த 500-இல் 20 சதவீதம் குறைந்து 400 ஆகிறது, ஆக மொத்தம் 60 சதவீதம். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33 சதவீதத் தள்ளுபடி, அதுவும் மூன்று வேண்டும் என்பவருக்கு மட்டும். 25 சதவீதம் கூடுதல் எடை என்பது விலையில் 20 சதவீதக் குறைவுக்குச் சமம். இரண்டு சட்டை தேவைப்பட்டவர் ஐந்து சட்டையோடு வெளியே வந்தால், சதவீதம் எவ்வளவாக இருந்தாலும் அவர் கூடுதலாகத்தான் செலவு செய்திருக்கிறார். ஆகவே கடைக்குப் போகுமுன் எத்தனை, எவ்வளவு ரூபாய்க்குள் என்று எழுதிக்கொண்டு போவதைவிடச் சிறந்த தற்காப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. அதன்மீது தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, பில் போடும்போது தள்ளுபடி விலைக்கு மேல் வரியைத் தனியாகச் சேர்ப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பணம் செலுத்துமுன் பில்லின் கடைசி வரிகளைப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

நகைக்கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

நடுத்தர வீடுகளின் பல வருடச் சேமிப்பு ஒரே மாலையில் கைமாறும் இடம் நகைக்கடை என்பதால் இங்கே சற்று நிதானமாகக் கணக்குப் போடுவோம். தங்கத்தின் விலை கிராமுக்கு 10,000 ரூபாய் என்றும், நீங்கள் வாங்குவது இரண்டு பவுன், அதாவது 16 கிராம் சங்கிலி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் மதிப்பு 1,60,000 ரூபாய்.

முதல் கடை "செய்கூலி இல்லை" என்று விளம்பரம் செய்கிறது. சேதாரம் 14 சதவீதம். அது 22,400 ரூபாய். இரண்டாவது கடை "சேதாரம் 8% மட்டுமே" என்கிறது. ஆனால் செய்கூலி கிராமுக்கு 700 ரூபாய். சேதாரம் 12,800, செய்கூலி 11,200, இரண்டும் சேர்ந்து 24,000 ரூபாய். மூன்றாவது கடை "கிராமுக்கு 200 ரூபாய் குறைவு" என்று பெரிய எழுத்தில் போடுகிறது. சேதாரம் 16 சதவீதம். சேதாரத்தை அன்றைய முழு விலையில் கணக்கிட்டால் 25,600 ரூபாய், அதில் 3,200 ரூபாய் குறைத்தால் 22,400 ரூபாய். முதல் கடையும் மூன்றாவது கடையும் ஒரே தொகையைத்தான் வாங்குகின்றன. கவர்ச்சியாகத் தெரிந்த 8 சதவீதக் கடைதான் மூன்றிலும் அதிகம்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "வரிக்கு முன்னால் மொத்தம் எவ்வளவு வருகிறது அண்ணே?" அந்தத் தொகையிலிருந்து தங்கத்தின் மதிப்பைக் கழித்து, மீதியைத் தங்கத்தின் மதிப்பால் வகுத்து 100-ஆல் பெருக்கினால், அந்தக் கடையின் உண்மையான கூடுதல் சதவீதம் கிடைக்கும். சேதாரத்தில் பாதி தள்ளுபடி என்ற அறிவிப்புக்கும் இதே மருந்துதான். 24 சதவீதத்தில் பாதியும், தள்ளுபடியே இல்லாத 12 சதவீதமும் ஒன்றே. அந்த நகையைப் பிற்பாடு மாற்றப் போகும்போது தங்கத்துக்கு மட்டுமே மதிப்புப் போடுவார்கள், கூடுதலாகக் கொடுத்தது திரும்ப வராது என்பதால்தான் இந்தச் சதவீதத்தில் இவ்வளவு கண்டிப்பு தேவைப்படுகிறது.

கல் பதித்த நகையில் மொத்த எடை, நிகர எடை இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 0.8 கிராம் கல்லைத் தங்கத்தின் எடையோடு சேர்த்துவிட்டால், மேற்சொன்ன விலையில் 8,000 ரூபாய் கல்லுக்குப் போய்விடும். ஹால்மார்க் முத்திரையோடு, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறு இலக்க அடையாளக் குறியீடான எச்.யு.ஐ.டி. இருப்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அந்த எழுத்துகளையும் எண்களையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், பதிவாகியிருக்கும் தூய்மை என்ன என்பதைக் கடையில் நின்றபடியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாதத் தவணையும் கைப்பேசித் திரையும்

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வட்டி வேறு பெயரில், பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக, நம்மிடமே வந்து சேர்கிறது. அதே பொருளை ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். பிறகு மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, கட்டணங்களையும் வட்டிமீதான ஜி.எஸ்.டி.யையும் கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வட்டி.

இணையத்தில் வாங்கும்போது ஓடும் கடிகாரம், "இரண்டே மிச்சம்" என்ற எச்சரிக்கை, நாம் தொடாமலே டிக் அடிக்கப்பட்டிருக்கும் நன்கொடை, கடைசித் திரையில் மட்டும் தலைகாட்டும் கட்டணம் ஆகியவற்றைக் கவனியுங்கள். பொய்யான அவசரம், கூடையில் நமக்குத் தெரியாமல் சேர்ப்பது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுத்துவது என 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்திருக்கிறது.

புகார் செய்ய வேண்டியிருந்தால்

அதே ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், விளம்பரத்தின் நிபந்தனைகள் எந்த மொழியில் வாக்குறுதி தரப்பட்டதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் பெரிதாக அறிவித்துவிட்டு நட்சத்திரக் குறிக்குக் கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை போடும் விளம்பரத்தை நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது.

முதலில் கடையிலோ நிறுவனத்திடமோ எழுத்தில் முறையிடுங்கள். பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பில், விளம்பரம் வந்த பத்திரிகைப் பக்கம் தேதியோடு, இணையம் என்றால் விலை தெரிந்த திரையின் படமும் பணம் செலுத்திய திரையின் படமும் கையில் இருக்கட்டும். பில்லின் மை சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.