தோய்ச்சல்ல கத்தி வளையுறத நான் சரி பண்ணது இப்படித்தான்

கத்தி செய்ய ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது, அதுல முதல் ரெண்டு வருஷம் என்னை ரொம்ப படுத்துனது இதுதான், கெட்டியாகணும்னு பழுக்க சூடாக்கின பிளேட எண்ணெயில தோய்ச்சு வெளிய எடுத்தா ஒரு பக்கமா வளைஞ்சு நிக்கும். எண்ணெய மாத்தினேன், ஸ்டீலையும் மாத்தி 1084ங்கிற கார்பன் ஸ்டீலுக்கு வந்தேன், அப்பவும் வளைஞ்சுது.

ஒருநாள் வளைஞ்ச பிளேடு ஒண்ண வெளிச்சத்துல பிடிச்சு முனையில இருந்து முதுகு வரைக்கும் பார்த்தேன், வாய்ப்பக்கம், அதாவது வெட்டுற விளிம்பு, நடுவுலயே இல்லங்க, ஒரு பக்கம் ஜாஸ்தி தேய்ச்சிருக்கேன். மெல்லிசான இடம் சட்டுனு குளிரும், கனமான இடம் லேட்டா குளிரும், அப்புறம் எப்படி நேரா நிக்கும்? இப்ப மார்க்கர் தடவி நடுவுல கோடு கீறிட்டுத்தான் தேய்க்கவே ஆரம்பிப்பேன், தோய்ச்சலுக்கு முன்னாடி வாயில 1 மி.மீ. கனமாவது விட்டுடுவேன். சுத்தியல்ல அடிச்சு முடிச்சதும், உள்ள இருக்கிற இறுக்கம் போக மூணு தடவை சூடாக்கி காத்துலயே ஆற விடுவேன், இத அவசரத்துல விட்டுடாதீங்க.

சூட்டுக்கு கண்ணு பழக எனக்கு வருஷக்கணக்கா ஆச்சு. 770 டிகிரி கிட்ட காந்தம் ஒட்டாது, அங்கயே நிறுத்தாம 815 வரைக்கும் போகணும். எண்ணெய் 50 டிகிரி சூட்டுல இருக்கட்டும், உள்ள விட்டதும் வாய்-முதுகு வாக்குல மட்டும் அசைங்க, பக்கவாட்டுல ஆட்டவே கூடாது. அப்படியும் லேசா வளைஞ்சா, சூடு இருக்கும்போதே கையுறையோட நேராக்கிடணும், சில செகண்ட்தான் டைம். ஆறினப்புறம் நிமித்தப் போய் அருமையான பிளேடு ஒண்ணு கண்ணாடி மாதிரி படக்குனு உடைஞ்சுது, அந்த ரெண்டு துண்டையும் இன்னும் வச்சிருக்கேன்.

கடைசியா அரத்த வச்சு இழுத்துப் பார்ப்பேன், வழுக்கிட்டுப் போச்சுன்னா பிளேடு நல்லா கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் அது உடையாம இருக்க உடனே 200 டிகிரி ஓவன்ல 2 மணி நேரம், ரெண்டு தடவை.