முத்திரை குத்தும்போது நாம் செய்யும் தவறுகள்

"அந்த ஆட்களா? கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள்." வீடு வாடகைக்கு விடும்போதும், பஸ்சில் யாருடைய பர்ஸாவது காணாமல் போகும்போதும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஒரு சமூகத்தில் பிறந்த எல்லோர்மீதும் ஒரே குணத்தை ஒட்டிவிடுகிறோம். இது வெறும் வாய்ப்பேச்சு, இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இதே பேச்சு நம் மண்ணில் சட்டமாகவே இருந்திருக்கிறது.

தச்சர் மகன் தச்சனாவது போலத் திருடன் பிள்ளையும் திருடனாகத்தான் வளர்வான் என்ற எண்ணத்தின் மேல், 1871-ல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் எனப் பல சமூகங்கள் அதில் சிக்கின. கைரேகை எடுத்துப் பதிவேட்டில் பெயர் ஏற்றியதால், மதுரைப் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் உயிரிழந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்பது அடுத்த தவறு. இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான், ஏனென்றால் கேட்பவர் தன்னை நியாயமானவர் என்றே நம்புகிறார். ரேகைச் சட்டம் எப்படி நடந்தது என்று பாருங்கள். பதிவேட்டில் பெயர் ஏறியவர் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போகக் கூடாது. ராத்திரியில் போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். பக்கத்து ஊரில் அறுவடை வேலை, மாமனார் வீட்டில் துக்கம் என்று ஒருவர் சீட்டு வாங்காமல் கிளம்பினால், அந்தக் கிளம்பலே குற்றம். பிடிபட்டால் தண்டனை. எதையும் திருடாமலே அவர் தண்டனை பெற்றவர் ஆகிவிடுவார். அந்தக் கணக்கையே காட்டி, "பார்த்தீர்களா, இவர்கள் இப்படித்தான்" என்று சொல்லவும் முடிந்தது. சந்தேகம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

இன்றும் வேறு மாதிரி நடப்பதில்லை. ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது? தேடுகிற இடத்தில்தானே எதுவும் அகப்படும்? 1993-ல் இன்றைய கடலூர் மாவட்டப் பகுதியில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு, திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டுப் போலீஸ் காவலிலேயே இறந்தார்.

பாராட்டினால் தப்பில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. "வீரம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது" என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் குணம் பிறப்பிலேயே வருகிறது என்ற அதே நம்பிக்கைதான் 1871-லும் பேசியது. வீரம் ரத்தத்தில் வரும் என்று ஒப்புக்கொண்டால், திருட்டும் வரும் என்பவரை எந்த வாயால் மறுப்பது? அமைதியாகப் படிக்க நினைக்கும் பையனுக்கும் அந்தப் புகழ் பாரம்தான்.

சட்டத்தோடு எல்லாம் போய்விட்டது என்று எண்ணுவதும் சரியில்லை. 1952 ஆகஸ்ட் 31 அன்று அது நாடு முழுவதும் நீங்கியது. அந்தச் சமூகங்களைச் சீர்மரபினர் என்கிறோம். ஆனால் திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்று ஒருவரைப் பதிந்து கண்காணிக்கும் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் பல மாநிலங்களில் அந்த இடத்துக்கு வந்தன. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் போலக் குறிப்பதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2024 அக்டோபரில்தான். சுதந்திரம் வந்து 77 ஆண்டுகள் கழித்து! இதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

செய்தி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிடிபட்டவரின் சமூகம் வழக்குக்குத் தேவையில்லை என்றால் எழுதாதீர்கள். வேறு சாதிக்காரர் திருடினால் சாதியைப் போடுவீர்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வீடு விடுகிறவர்கள், வருகிறவர் என்ன வேலை செய்கிறார், முன்பு இருந்த வீட்டில் வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். "நீங்கள் எந்த ஆட்கள்?" என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.