சிறு நூலை ஆஃப்செட் அச்சுக்குக் கொடுக்கும் முறை: தமிழ்க் கோப்பு தயாரிப்பு முதல் கட்டுப் பிரித்துப் பார்ப்பது வரை

எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் ஊர் வரலாறு ஒன்றை நூலாகக் கொண்டுவந்தபோது, அச்சு வேலையை முன்னின்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் தெளிந்தவற்றை, முதல்முறையாக நூல் அச்சிட முனைபவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். 160 பக்கம், டெம்மி அளவு, 1000 படிகள், உள்பக்கங்களுக்குக் கறுப்பு மை மட்டும், ரேப்பருக்கு, அதாவது மேலட்டைக்குப் பலவண்ணம் என்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எழுதுவதையும் பிழை திருத்துவதையும் முடித்துவிட்டீர்கள் என்றே கொள்கிறேன். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்றுதான்: அச்சகத்தில் எவரும் உங்கள் எழுத்தை மறுபடி திறந்து தொட வேண்டிய தேவையில்லாத கோப்பைக் கொடுக்க வேண்டும்.

முதல் படி: அளவும் தாளும்

தமிழ்நாட்டு அச்சகங்களில் நூல் வேலை ஃபாரக் கணக்கில், அதாவது சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிகளின் கணக்கில் நடக்கிறது. டெம்மி 1/8 அளவில் (டெம்மி என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்) 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால், 160 பக்கம் என்பது 10 ஃபாரம் ஆகும். 163 பக்கம் வந்துவிட்டால், அந்த மூன்று பக்கத்துக்காகக் கால் ஃபாரம் தனியாக ஓட்ட வேண்டும். பிளேட்டுக்கும் (பக்கங்களைப் பதிந்து அச்சிடும் தகடு) ஓட்டுகூலிக்கும் வீண் செலவு. எனவே பக்க வடிவமைப்பின்போதே 16-இன் மடங்கில், முடியாவிட்டால் 8-இன் மடங்கில் நூலை நிறுத்திவிடுங்கள்.

தாள் கணக்கும் எளியதுதான். 23-க்கு 36 அங்குலம் கொண்ட டபுள் டெம்மித் தாள் ஒன்றில் இரு புறமும் சேர்த்து 32 பக்கம் அடங்கும். ஒரு ரீமுக்கு 500 தாள். ஆகவே 1000 படிக்கு ஒரு ஃபாரத்துக்கு ஒரு ரீம், 10 ஃபாரத்துக்கு 10 ரீம், அதற்கு மேல் கழிவுக்கென்று கொஞ்சம். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் விலைப்புள்ளியில் தாளின் பங்கு எவ்வளவு என்பது உங்களுக்கே விளங்கும். உரைநடை நூலுக்கு 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத தாள் போதும் என்பது என் கருத்து. 60 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்து கண்ணை உறுத்தும்.

வெட்டிய பிறகு நிற்கும் அளவு வழக்கமாக 14-க்கு 21.5 சென்டிமீட்டர். அச்சகத்துக்கு அச்சகம் இதில் சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், பக்கம் அமைக்கத் தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது முதுகில் பசை ஒட்டிக் கட்டும் பைண்டிங் செய்யும்போது முதுகுப் பக்கம் சீவப்படுவதால் உள் ஓரம் 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இரண்டாம் படி: தமிழ் எழுத்து

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். ஆகவே இதற்குச் சற்று நேரம் ஒதுக்கிப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பல அச்சகங்களின் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) பிரிவில் இன்றும் பேஜ்மேக்கர் 7 ஓடிக்கொண்டிருக்கிறது. 2001-இல் வெளிவந்த அந்த மென்பொருளுக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோட் தெரியாது. ஆகவே நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பைக் கொடுத்தால், அங்குள்ளவர்கள் அதைப் பழைய எட்டுபிட் எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குவார்கள். அந்தப் பழைய எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. எனவே நூலில் வரும் மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி, ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் ஆகிய அனைத்தும் பொருளற்ற தமிழ் எழுத்துக்கூட்டமாக மாறிவிடும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும். கிரந்த எழுத்துகள் சில காணாமலே போகும். எங்கள் நூலை முதலில் எடுத்துக்கொண்ட அச்சகத்தில் இதுவே நடந்தது. பிழை திருத்தி முடித்த நூலை முதல் வரியிலிருந்து மறுபடி திருத்த நேர்ந்தது. அவர்கள் பழகிய முறைப்படி நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள். குறியீட்டு மாற்றத்தின் இயல்பே அப்படி.

மாற்று வழி, பக்க வடிவமைப்பை நீங்களே யூனிகோடில் முடித்து பிடிஎஃப் கொடுப்பதுதான். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பத்திப் பாணியின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் என்ற இடத்தில் ‘அடோப் வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் பிரித்து வைப்பது கம்போசரின் வேலை. வழக்கமான கம்போசருக்கு அது தெரியாது என்பதால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதைப் பார்த்து எழுத்துரு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்ற வேண்டியது கம்போசரை.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஸ்கிரைபஸ் 1.6. பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடைந்துதான் தெரியும், 1.5.3-இலிருந்து, எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்க்கப்பட்ட பிறகு தமிழ் ஒழுங்காக அமைகிறது. எழுத்துருவில் நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ் இரண்டும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. நீண்ட உரைநடைக்கு நான் டீரோ தமிழையே விரும்புகிறேன். டெம்மியில் 11 புள்ளி எழுத்தும் 15 புள்ளி வரி இடைவெளியும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பக்கத்தில் உரையை ஊற்றும் முன் ஒரு துப்புரவு வேலை இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட உரையிலும், பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள் அடித்த உரையிலும், ‘அவர்’ என்ற சொல்லில் ரகர மெய் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால் திரையில் பிடிபடாது. எழுத்துருவை மாற்றியதும் கால் தனியாக, புள்ளி தனியாக நிற்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். லிப்ரே ஆபிஸில் துணைக்காலையும் புள்ளியையும் அடுத்தடுத்து இட்டுத் தேடி, எல்லாவற்றையும் ‘ர்’ என்று மாற்றிவிடுங்கள். அதேபோல் ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் அடிக்கப்பட்டிருக்கும். இதை மொத்தமாக மாற்றக் கூடாது. ‘கெளுத்தி’ போன்ற சரியான சொற்களும் சேர்ந்து கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி: கறுப்பும் படங்களும்

உள்பக்கத்தின் கறுப்பு, கறுப்பு மை மட்டுமாக இருக்க வேண்டும். வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ நேரடியாக பிடிஎஃப் எடுத்தால் எழுத்து ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல வண்ண முறை) கறுப்பில் பதிவாகும். அச்சகத்தின் மென்பொருள் அதை நான்கு மைகளின் கலவையாக மாற்றிவிடக்கூடும். ஸ்கிரைபஸில் ‘பிளாக்’ என்ற வண்ணத்தை மட்டும் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை. அக்ரோபேட் புரோ கையில் இருந்தால் அவுட்புட் பிரிவியூ சாளரத்தில் பிளாக் என்பதை மட்டும் நீக்கிப் பாருங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் சரி, சாம்பல் நிழலாக ஏதேனும் எஞ்சினால் அதில் வேறு மை கலந்திருக்கிறது.

படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ இருக்க வேண்டும். அதாவது 4 அங்குல அகலத்துக்கு 1200 பிக்சல். கோட்டோவியத்துக்கும் பழைய ஆவணப் படிக்கும் 600-க்குக் குறையக் கூடாது. பழைய புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் படம் திரையில் தெரிவதைவிட இருண்டே அச்சாகும்; நடுத்தர நிழல்களைச் சற்று வெளுப்பாக்கி வைப்பது நல்லது.

நான்காம் படி: ரேப்பர்

முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் ஒரே நீண்ட பக்கமாக அமைத்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடு (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி) விட வேண்டும். எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது. முதுகின் அகலத்தை ஊகிக்க வேண்டாம். அச்சகம் பயன்படுத்தப்போகும் அதே தாளில் 80 ஏடுகளை (160 பக்கம்) அடுக்கி, அழுத்திப் பிடித்து அளந்து சொல்லும்படி கேளுங்கள். ஒரே ஜிஎஸ்எம்மில்கூட ஆலைக்கு ஆலை தடிமன் மாறும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டும் மேட் (பளபளப்பில்லாத) லேமினேஷனும் நன்றாக அமையும். ஆனால் அட்டை முழுக்க அடர்கறுப்பு என்றால் மேட்டில் கீறல் தெரியும் என்பதால் பளபளப்பான கிளாஸ் லேமினேஷனையே தேர்ந்தெடுப்பேன்.

நூலுக்கான உலகத் தர அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இணையவழியே கட்டணமின்றி வழங்குகிறது. எண் கைக்கு வராமல் பின்னட்டையை முடிக்க இயலாது என்பதால், நூல் வேலை தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பார்கோடை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு மை மட்டும் கொண்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: ஆர்டர்

உள்பக்கம் ஒரு பிடிஎஃப், ரேப்பர் ஒரு பிடிஎஃப், இரண்டும் அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வகையில் என்று கொடுங்கள். எழுத்துரு உட்பொதிந்து, வண்ணம் சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகளின் முறை) ஆகி வந்துவிடும். இன்டிசைன் கோப்பையோ வேர்டு கோப்பையோ கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். கோப்பு அவர்கள் கணினியில் திறக்கப்பட்டதும் உங்கள் எழுத்துரு அங்கே இல்லாமல் போகலாம்.

விலைப்புள்ளியை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்க வேண்டும். அதில் வெட்டிய அளவு, பக்க எண்ணிக்கை, தாளின் ஆலைப் பெயரும் ஜிஎஸ்எம்மும், அட்டை, லேமினேஷன், பைண்டிங் வகை, படிகள் கூடினாலும் குறைந்தாலும் எவ்வளவு வரை ஏற்பது, கட்டுதல், பார்சல் செலவு, முன்பணம், கொடுக்கும் நாள் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். தாளின் இழையோட்டம் (இழைகள் ஓடும் திசை) முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். குறுக்கே போனால் நூல் விரியாமல் திமிறிக்கொண்டு நிற்கும். நூலகத்துக்கும் பள்ளிக்கும் போகும் நூல் என்றால், செலவு கூடினாலும் ஒவ்வொரு ஃபாரத்தையும் மடிப்பில் தைக்கும் ஃபாரத் தையல் போட்ட பைண்டிங்கையே வற்புறுத்துவேன். படிகள் 300-க்குக் குறைவு என்றால் ஆஃப்செட்டில் பிளேட் செலவே படியின் விலையை ஏற்றிவிடும். டிஜிட்டலில் விலை கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புத்தாண்டு காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் காலண்டர் வேலை சூடுபிடித்து ஆண்டு முடியும் வரை நீடிக்கும். சென்னையில் புத்தகக் காட்சிக்கு முந்தைய வாரங்களில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகங்களில் இயந்திரம் ஓய்வதில்லை. அவசரமில்லாத நூலைச் சித்திரை, வைகாசியில் கொடுத்தால் கவனமாகச் செய்து தருவார்கள்.

ஆறாம் படி: மெய்ப்பும் பெறுதலும்

பிளேட் போடும் முன், ஃபாரமாக அடுக்கிய பக்கங்களின் மெய்ப்பை (சரிபார்ப்புப் படியை) கேட்டு வாங்கி, மடித்துப் பக்க எண் வரிசையைச் சரிபாருங்கள். இந்தக் கட்டத்தில் எழுத்துப் பிழை தேடாதீர்கள். கொம்பு, கால், மேற்கோள் குறி, மின்னஞ்சல் முகவரி, படத்தின் விளக்கம் இவற்றையே பாருங்கள். ஒப்பமிட்டு நாள் எழுதி ஒரு படியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பைண்டிங் தொடங்கியதும் முன்படி ஒன்றை வாங்கிப் பார்த்த பிறகே மீதியைக் கட்டச் சொல்ல வேண்டும்.

கட்டுகள் வந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூலை உருவி, முழுவதும் புரட்டிப் பாருங்கள். ஒரு ஃபாரம் இருமுறை சேர்ந்து மற்றொன்று விடுபடுவது பைண்டிங்கில் அடிக்கடி நேரும் பிழை. வெளியான 30 நாளுக்குள், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பையிலும் டெல்லியிலும் உள்ள நூலகங்கள் என நான்குக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும் என்பதால் அவற்றை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த நண்பர் ஒருவர், 70 ஜிஎஸ்எம் என்று சொல்லி 60 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தார். அச்சுக்கு முன்பென்றால் ரீமை நிறுத்துப் பாருங்கள்: டபுள் டெம்மி 70 ஜிஎஸ்எம் ரீம் ஏறத்தாழ 18.7 கிலோவும், 60 ஜிஎஸ்எம் ரீம் ஏறத்தாழ 16 கிலோவும் இருக்கும். அச்சான பிறகென்றால் நூலையே நிறுக்கலாம். 14-க்கு 21.5 சென்டிமீட்டரில் 80 தாள் 70 ஜிஎஸ்எம்மில் சுமார் 169 கிராம், அட்டை சுமார் 18 கிராம், ஆக 187 கிராம் அளவில் வர வேண்டும். 60 ஜிஎஸ்எம் என்றால் 163 கிராம் அளவில்தான் நிற்கும். ஈரப்பதத்தாலும் ஆலையின் ஏற்ற இறக்கத்தாலும் சில கிராம் மாறுவது இயல்பு.

மற்றொருவர் ‘ஸ்ரீ’ தன் நூலில் சில இடங்களில் பிரிந்து அச்சானதாகச் சொன்னார். இந்த எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். சில எழுத்துருக்கள் இரண்டில் ஒன்றை மட்டுமே கூட்டெழுத்தாக்கும். உங்கள் எழுத்துருவில் எது ஒழுங்காக அமைகிறதோ அதைத் தேர்ந்து, நூல் முழுவதும் தேடி ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகு பிடிஎஃப் எடுங்கள்.

மறுபதிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளேட்டை அச்சகம் பாதுகாத்து வைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பமிட்ட அந்த இரண்டு பிடிஎஃப் கோப்புகளையும் எழுத்துருக்களையும் மூலக் கோப்பையும் சேர்த்து இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை வேறு அச்சகத்திலும் அதே நூலை அச்சிடலாம்; தாள் மாறினால் முதுகின் அகலத்தை மட்டும் மறுபடி அளந்து ரேப்பரைத் திருத்த வேண்டியிருக்கும்.