சிங்கம் முயல் கதையை டான்ஸ் பாலேவா போடுறது எப்படி

ஆனுவல் டே நெருங்குச்சுன்னா வேலூர், காட்பாடி பக்கம் டான்ஸ் கிளாஸ் எடுக்குற எல்லாருக்கும் ஒரே மாதிரி போன் வரும், "மேடம் இந்த வருஷம் ஒரு பாலே போடுங்க, பஞ்சதந்திரக் கதையா இருக்கட்டும், எல்லா பசங்களும் ஸ்டேஜ்ல வரணும்". அவங்க கேக்குறது காலை நுனில நிக்க வச்சு ஆடுற ஐரோப்பிய பாலே இல்ல, நம்ம பசங்களுக்குத் தெரிஞ்ச பரதநாட்டிய அடவு, அதாவது அடிப்படை ஸ்டெப்பு, வச்சு ஒரு நாட்டிய நாடகம், அவ்ளோதான். ஆனா மிருகக் கதையை ஆட்டமா மாத்துறதுல ஐரோப்பாக்காரங்க பட்ட பாடும் நமக்கு உதவும், அங்கங்க சொல்றேன்.

மொதல்ல கதை. நடக்கறதை மட்டும் பாத்து ஒரு அஞ்சு வயசுக் குழந்தைக்குப் புரியுமான்னு யோசிங்க. குரங்கு முதலை கதை கேக்க சூப்பரா இருக்கும், ஆனா "இதயத்தை மரத்துலயே வச்சிட்டு வந்துட்டேன்"னு குரங்கு சொல்ற பொய்தான் மொத்த கதையுமே, அதை எந்த அபிநயத்துல காட்டி முன் வரிசைக்குப் புரிய வைப்பீங்க? காக்கா நரி வடை ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். சிங்கம் முயல் அப்படி இல்ல, வேட்டை இருக்கு, கூட்டம் இருக்கு, நடை இருக்கு, கடைசில கிணறு இருக்கு. எல்லாமே உடம்பால செய்யறது. தினம் ஒரு மிருகம் வரணும்னு போடுற ஒப்பந்தம் மட்டும்தான் பேச்சு, அதுக்கு வழி நம்ம ஜில்லாவுலயே இருக்கு.

தெருக்கூத்துல கதையை நடத்திட்டுப் போற கோமாளி, கட்டியங்காரன் வர்றாரில்ல, அதே மாதிரி நல்லா வாய் பேசுற பையன் ஒருத்தனைப் புடிச்சு நிக்க வைங்க, அவன் ஜனங்களைப் பாத்து நாலு வரி நக்கலா சொல்லிட்டுப் போகட்டும், அதுக்கு மேல யாருக்கும் டயலாக் வேணாம். சிங்கத்தோட என்ட்ரிக்கும் கூத்தைத்தான் பாக்கணும். நம்ம வடாற்காடு கூத்துல ரெண்டு பேர் திரையைப் புடிச்சிருப்பாங்க, வேஷக்காரர் பின்னாலயே நின்னு ஆடி, கிரீடம் கொஞ்சம் கால் கொஞ்சம்னு காட்டி, அப்பறம்தான் முழுசா வெளிய வருவாரு. செய்யாறு பக்கத்துல புரிசைல இன்னிக்கும் கூத்து இருக்கு, பசங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு ராத்திரி உக்கார வச்சீங்கன்னா நீங்க ஒரு மாசம் கத்துக் குடுக்குறது அங்கயே ஏறிடும். சிங்கத்தோட வால் மட்டும் திரைக்கு வெளிய தெரியட்டும், அரங்கம் அப்பவே கத்த ஆரம்பிச்சிடும்.

இப்ப ஆட்டம். இங்க ஒரு சிக்கல், சிங்கமுகம்ங்கற கை முத்திரை சிங்கத்துக்கு மட்டும் இல்ல, அபிநய தர்ப்பணம்ங்கற பழைய நாட்டிய நூல் சொல்ற விநியோகத்துல, அதாவது எந்தக் கையை எதுக்குக் காட்டலாம்ங்கற பட்டியல்ல, முயலுக்கும் அதே கைதான். அதனால வித்தியாசம் முழுக்க கால்லதான் இருக்கணும். சிங்கத்துக்கு நல்லா அரமண்டில, அதாவது முட்டியை வெளிப்பக்கமா மடக்கி, பாதி உக்காந்து பாதம் முழுசா பதியுற தட்டடவு, சதுஸ்ர நடை, அதாவது நாலு நாலா எண்ணுறது, தகதிமி தகதிமின்னு கனமா. முயலுக்கு முன்பாதத்துல துள்ளல், திஸ்ர நடை, அதாவது மூணு மூணா, தகிட தகிட. முயல் சிங்கத்தைக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போற இடம் வருதில்ல, அங்க சிங்கம் சதுஸ்ரத்துலயே ஆரம்பிச்சு மெல்ல மெல்ல திஸ்ரத்துக்கு மாறட்டும், அதாவது முயலோட தாளத்துல சிங்கம் நடக்குது. தாளம் தெரியாதவங்களுக்குக்கூட ஏதோ கவுந்துடுச்சுன்னு உறைக்கும். என்னைக் கேட்டா மொத்த பாலேவுல இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அதிக ரிகர்சல் குடுக்கணும், ஆனா நிறைய பேர் இதை சும்மா ஒரு ரவுண்டு நடக்க விட்டு வேஸ்ட் பண்றாங்க.

மியூசிக்ல ஆளுக்கு ஒரு வாத்தியம் வைங்க. ரஷ்யாவுல ப்ரோகோஃபியேவ் 1936ல பீட்டரும் ஓநாயும் கதைக்கு இசை போட்டப்ப பறவைக்கு புல்லாங்குழல், பூனைக்கு கிளாரினெட், ஓநாய்க்கு ஹார்ன்னு பிரிச்சு வச்சாரு, குழந்தைங்க கண்ணை மூடிக்கிட்டே யார் வர்றாங்கன்னு சொல்லிடும். நமக்கு சிங்கத்துக்கு தவில், முயலுக்கு வாயில வச்சு மீட்டுற மோர்சிங் போதும், மத்த மிருகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு ஆர்மோனியம்.

கிணறு எப்படி காட்டுறது? தெர்மோகோல்ல செய்யாதீங்க, கேவலமா இருக்கும். ஏழெட்டு சின்னப் பசங்க நீலத் துணியைப் புடிச்சு வளைஞ்சு நிக்கட்டும், ஜனங்க பக்கம் மட்டும் திறந்து இருக்கணும். ஒரு பக்கம் பெஞ்ச் மேல சிங்கம், எதிர்ல கீழ நிழல் சிங்கம், அதாவது தண்ணில தெரியுற பிம்பமா இன்னொரு பையன், அதே டிரஸ், அதே உயரம் இருந்தா இன்னும் நல்லது. எதிரும் புதிருமா நிக்கறதால சிங்கம் வலது கால் எடுத்தா நிழல் இடது கால் எடுக்கணும். நம்ம அடவு எல்லாமே வலதுல ஆரம்பிச்சு பழகின பசங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்ல, மொதல்ல நாலு எண்ணிக்கைல ரொம்ப மெதுவா, தாளமே இல்லாம, கண்ணைக் கண்ணு பாத்து பழக்குங்க, வேகம் தானா வரும். கர்ஜனைக்கு மேடைல இருக்குற தவில் ஒரு சொல்கட்டு, அதாவது சின்ன தாளத் துணுக்கு, வாசிக்கட்டும், திரைக்குப் பின்னால இன்னொரு தவில் ஒரு மூச்சு விட்டு அதையே கம்மியா திருப்பி வாசிக்கட்டும், கிணத்துலருந்து எதிரொலி வந்த மாதிரியே இருக்கும். சிங்கம் குதிச்ச உடனே துணியை மேல தூக்கி இறக்கணும், ரெண்டு சிங்கமும் துணிக்கடியில படுத்துடணும், அவ்ளோதான்.

டிரஸ் பத்தி ஒரு வார்த்தை. லண்டன் ராயல் பாலே ஆளுங்க 1971ல பீட்ரிக்ஸ் பாட்டர் கதைங்களை சினிமாவா எடுத்தப்ப ஃப்ரெடெரிக் ஆஷ்டன் ஆட்டம் அமைச்சு தானும் ஒரு முள்ளெலி வேஷம் போட்டாரு, எல்லாருக்கும் தலை முழுக்க மூடுற முகமூடி. பாக்க அச்சு அசல் எலி, அணில், தவளைதான். ஆனா அது குளிரூர்ல, பெரியவங்க, அதுவும் கட் பண்ணி கட் பண்ணி எடுத்த சினிமா. வேலூர் வெயில்ல மூணாங்கிளாஸ் பையனுக்கு வெல்வெட் துணில முழு உடம்பு டிரஸ் தெச்சு முகமூடியும் மாட்டுனா பாதிலயே மயங்கிடுவான். நெத்தில கட்டுற பட்டில காது, மூஞ்சி வரைஞ்ச அட்டை, பின்னால வால், போதும். ஆம்பூர் ராணிப்பேட்டை பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா தோல் கட்டிங் வேஸ்ட் கேட்டு வாங்குங்க, முயல் காது செஞ்சா அட்டை மாதிரி வேர்வைல தொங்காது, விறைப்பா நிக்கும். முகம் மூடலன்னா அம்மா அப்பாவுக்கும் சந்தோஷம், போட்டோல எது நம்ம புள்ளைன்னு தேட வேணாம்.

நீளம் இருபது நிமிஷம் தாண்டக் கூடாது. மான், கரடி, நரின்னு மத்த பசங்களை ஒப்பந்த சீன்ல ஒண்ணா இறக்கிடுங்க, ஒரே ஜதி, கை மட்டும் வேற. சிங்கத்துக்கிட்ட தினம் ஒருத்தர் போறதை வரிசையா காட்டி வரிசை கொறைஞ்சுக்கிட்டே வந்தா காடு காலியாகறது தெரியும். நீலத் துணி மட்டும் சாட்டின் வாங்காதீங்க, வேலூர் லாங் பஜார்ல பளபளன்னு கண்ணைப் பறிக்கும், ஆனா சின்னக் கைல வழுக்கிடும், பெஞ்ச்லருந்து குதிக்கிற பையனுக்கும் கால் சறுக்கும். காட்டன் வாங்குங்க, பெஞ்சும் மரத்துல அகலமா ஆடாததா பாத்து, கடைசி ஒரு வாரம் தினமும் அது மேலயே சலங்கை கட்டி குதிக்க விடுங்க.